கடல் நேரத்துக்கு ஓடுகிறவர்களுக்கான அன்றாடப் பழக்கங்கள்: ஒரு முழு வழிகாட்டி

ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் பக்கம் மீன் வாங்கும் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதுகிறேன். படகு கரை வரும் நாளில் விடியற்காலை மூன்றரைக்கு எடை போடும் இடத்தில் நிற்க வேண்டும். வராத நாளில் எட்டரைக்குப் போனால் போதும். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் திரும்புவதால் என் வாரத்தில் செவ்வாய், வியாழன், ஞாயிறு ஒரு மாதிரி. மீதி நான்கு நாள் வேறு மாதிரி. "தினமும் ஐந்தரைக்கு எழுந்து நாற்பது நிமிடம் நடங்கள்" என்று தொடங்கும் எந்த அறிவுரையும் இந்த வாரத்துக்குள் நுழையாது.

மூன்று வருடத்துக்கு முன் பிரஷர் 150/96 என்று வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பழக்கங்களை இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் விட்டேன். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்து, கடல்பாசி எடுக்கப் போகும் என் அக்கா, ஐஸ் உடைக்கும் பையன்கள் இருவர், ஓர் ஆட்டோக்காரர், கருவாடு காயப்போடும் நாலைந்து பெண்கள் என்று ஒவ்வொருவராக முயன்றார்கள். ஏறக்குறைய எல்லாருமே ஒரே இடங்களில்தான் தடுமாறினார்கள்.

அடிப்படை ஒன்றுதான். பழக்கத்தைக் கடிகாரத்தில் கட்டாமல், நீங்கள் எப்படியும் செய்யப்போகிற ஒரு வேலையில் கட்ட வேண்டும். வரிசையை மாற்றாமல் போங்கள். ஒவ்வொரு பழக்கத்துக்கும் இரண்டு வாரம் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. மூடி இறுகும் தூக்குச்சட்டி. மாத்திரை போடுகிறவரென்றால் ஈரம் புகாத சின்ன டப்பா. பகலில் தூங்க வேண்டியவரென்றால் கண்ணில் கட்ட ஒரு கறுப்புத் துணி. அவ்வளவுதான். காலடி எண்ணும் கைக்கடிகாரம் வேண்டாம். ஆட்டோக்காரர் ஒன்று வாங்கினார். வண்டி குலுங்குவதையெல்லாம் நடை என்று எண்ணி, உட்கார்ந்த இடத்திலேயே அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம், பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எடை மூன்றையும் அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து பிரஷரும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். தொடக்க எண் இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து "உடம்பு இப்போ பரவாயில்ல" என்ற நினைப்பை வைத்துத்தான் முடிவெடுப்பீர்கள். நினைப்பு நமக்குச் சாதகமாகத்தான் பேசும்.

சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும், கீழே தண்ணீர், உப்பு பற்றிச் சொல்வதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அவர்களுக்கு அளவு வேறு.

2. முதல் ஏழு நாள் எதையும் மாற்றாதீர்கள்

எழுந்தது, படுத்தது, தின்றது, குடித்தது, இவற்றை நேரத்தோடு எழுதுவது மட்டும்தான் இந்த வார வேலை. என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கிறது:

"3.10 எழுந்தேன். 3.25 டீ. 5.00 டீ, வடை 1. 7.15 டீ. 10.40 பரோட்டா 4, சால்னா. 11.30 தண்ணீர்."

இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது, எழுந்து எட்டு மணி நேரம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறேன் என்று. நான்கு பரோட்டா தின்றதற்கு என் நாக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழரை மணி நேரம் ஒரு வடையோடு நின்றவன் வேறென்ன செய்வான்?

இந்த வாரத்திலேயே நல்ல பிள்ளையாகிவிடுவதுதான் இங்கே வரும் தவறு. அக்கா முதல் நாளே "வாழைப்பழம்" என்று எழுதியிருந்தார். நோட்டுக்காகத் தின்ற பழம் அது. அப்படிச் செய்தால் பழைய ஓட்டையெல்லாம் மறைந்துபோகும்; எதைச் சரிசெய்வது என்று தெரியாது. உள்ளது உள்ளபடி எழுதுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை.

3. முளை அடியுங்கள்

ஏழு நாள் முடிந்ததும் நோட்டை விரித்து, மணி எதுவானாலும் தவறாமல் நடந்த காரியங்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். இவைதான் ஆட்டைக் கட்ட அடிக்கும் முளை மாதிரி.

என் பக்கத்தில் நான்கு தேறியது: வண்டிச் சாவியை எடுப்பது, முதல் படகின் எடை முடிவது, கணக்கைக் கூட்டி நோட்டை மூடுவது, வீட்டு வாசலில் கால் கழுவுவது. மூன்றரைக்குப் போனாலும் எட்டரைக்குப் போனாலும் சாவியை எடுக்காமல் போக முடியாது. படகு வராத நாளில் எடை மட்டும் இருக்காது. அன்றைக்கு அதன் இடத்தில் கம்பெனிப் பூட்டைத் திறப்பது. அக்காவுக்கு: விரலில் துணி சுற்றுவது, வள்ளத்தில் ஏறுவது, கரையில் பாசியைக் கொட்டுவது. கருவாட்டுப் பெண்களுக்கு மீனைப் புரட்டிப் போடுவது. ஆட்டோக்காரருக்கு வண்டியைத் துடைப்பது.

ஒரு முளைக்கு ஒரு பழக்கம்தான். இரண்டு ஆட்டைக் கட்டினால் கயிறு சிக்கும். "சாவி எடுத்ததும் தண்ணீர் குடித்து, மாத்திரை போட்டு, பத்துத் தடவை குனிந்து நிமிர்வேன்" என்று அடுக்கிய பையன் நாலாம் நாள் மூன்றையும் விட்டுவிட்டான்.

இது வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. லண்டனில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். காலை உணவுக்குப் பின் என்பதுபோல ஏதாவது ஒன்றோடு சேர்த்துத் தினமும் ஒரு காரியத்தைச் செய்யச் சொன்னார்கள். அது தானாக வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாளிலேயே வந்துவிடும் கணக்கு, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் கணக்கு. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பி இருபத்திரண்டாம் நாள் மனம் உடைய வேண்டாம்.

நம் ஊரில் எல்லாரும் செய்யும் பெரிய தவறு, நான் இரண்டு தடவை செய்தது, மீன்பிடித் தடைக்காலத்தில் ஆரம்பிப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், படகு கரையில், கையில் நேரம். காலை நடை, பத்து மணிக்குக் கேழ்வரகுக் கூழ், மதியம் தூக்கம் என்று எல்லாம் அழகாக ஓடும். ஜூன் 15 விடிந்ததும் அத்தனையும் கழன்றுவிடும். ஏனென்றால் அவை ஓய்வு நாளின் முளையில் கட்டியவை. ஓய்வு போனதும் முளையே இல்லை. படகு ஓடும் வாரத்தில், வேலை நெரிக்கும் வாரத்தில் ஆரம்பியுங்கள். அதில் நிற்பது எதிலும் நிற்கும்.

4. முதல் பழக்கம் தூக்கம்

எல்லாரும் நடையிலோ சாப்பாட்டிலோ ஆரம்பிக்க ஆசைப்படுகிறார்கள். தூக்கம் குறைந்த உடம்பு மறுநாள் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும்தான் கேட்கும். நடக்கச் சொன்னால் எரிச்சல்தான் வரும். அதனால்தான் இது முதலில். பெரியவர்களுக்கு ஒரு நாளில் ஏழு மணி நேரமாவது வேண்டும். நம்மில் பலருக்கு அது ஒரே துண்டாகக் கிடைக்காது. சரி, இரண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம்.

முறை இது. வாரம் முழுக்க, வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் பொதுவாகத் தூங்க முடிகிற ஒரு நான்கைந்து மணி நேரத்தைக் கண்டுபிடியுங்கள். எனக்கு இரவு ஒன்பதரை முதல் மூன்று வரை. ஞாயிறானாலும் திங்களானாலும் ஒன்பதரைக்குப் படுத்துவிடுவேன். மீன் வரும் நாளில் குறையும் தூக்கத்தை மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை நிரப்புகிறேன். இந்தப் பொதுத் துண்டு நகராமல் இருந்தால் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் குழம்பாது. ஓய்வு நாளில் நள்ளிரவு வரை டிவி பார்த்துவிட்டு மறுநாள் மூன்று மணிக்கு எழுந்தால், வாரம் மூன்று தடவை வெளிநாடு போய்வந்த மாதிரி இருக்கும்.

படகில் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. கடலில் வலை போட்டு இழுப்பதற்கு நடுவே கிடைக்கும் தூக்கம் துண்டு துணுக்குதான். எனக்குத் தெரிந்த ஒரு படகு டிரைவர் செய்வது: மீனை இறக்கிக் கணக்கு முடிந்ததும் நேரே வீடு, குளியல், கொஞ்சம் சாப்பாடு, தூக்கம். மூன்று மணிக்கு மேல் படுக்கையில் இருப்பதில்லை. மாலை வரை தூங்கினால் இரவுத் தூக்கம் கெட்டு, மறுநாள் கடலுக்குப் போகும்போது கண் சொருகும். கையில் பங்குப் பணத்தோடு கடைத்தெரு வழியாக வீட்டுக்கு வருவதில்லை என்பதையும் அவர் ஒரு விதியாக வைத்திருக்கிறார்.

மதியத் தூக்கம் இருபது நிமிடம், இல்லையென்றால் ஒன்றரை மணி நேரம். நடுவே ஐம்பது நிமிடத்தில் எழுந்தால் ஆழ்ந்த தூக்கத்தில் பிடுங்கிப் போட்ட மாதிரி மந்தமாக இருக்கும்.

சிமென்ட் ஓட்டு வீட்டில் நண்பகலில் எப்படித் தூங்குவது என்று கேட்பார்கள். கடல்காற்று வரும் பக்கத்துச் சன்னலைத் திறந்து, தரையில் பாய் போட்டு, கண்ணில் துணியைக் கட்டுங்கள். ஈரத்துணி தொங்கவிடும் யோசனை உள்நாட்டுக் காய்ந்த வெயிலுக்குச் சரி. இங்கே காற்றிலேயே ஈரம் இருப்பதால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். தெரு மரத்தடி வீட்டைவிடக் குளிர்ச்சி என்றால் அங்கேயே கட்டிலைப் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

டீயைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். அதிலுள்ள காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ஒன்பதரைக்குப் படுக்கிற எனக்குக் கடைசி டீ மூன்றரைக்கு, மதியத் தூக்கம் கலைந்ததும். அப்புறம், "தூக்கம் வர ஒரு கட்டிங்" என்று சொல்பவர்களுக்கு: அது சீக்கிரம் சாய்க்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். குறட்டை கூடும், வாய் வறண்டு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். தூங்கினோம் என்ற கணக்கு மட்டும்தான் மிச்சம்.

5. தண்ணீர்

நம் கரையில் கிணற்றைத் தோண்டினால் பல இடத்தில் உப்புத்தண்ணீர்தான். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் வீடுகளில், வேலைக்குப் பாட்டில் நிரப்பிப் போவது என்பதே கொஞ்சம் கை நடுங்கும் காரியம். அதனால் இதை வீட்டில் முன்கூட்டியே பேசி, ஆளுக்கு இத்தனை பாட்டில் என்று ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் உங்கள் பாட்டிலில் உள்ளதுதான் சோற்றுக்கு உலையாகும்.

இரவே நிரப்பி, வண்டிச் சாவியைப் பாட்டில் கழுத்தில் மாட்டிவிடுங்கள். சாவியை எடுக்கப் பாட்டிலைத் தொட்டே ஆக வேண்டும். முதல் டீக்கு முன் கால் பாட்டில். மீதி, எடை முடிந்ததும், கணக்கை மூடும்போதும். எத்தனை லிட்டர் என்று நான் எண்ணுவதில்லை. வேர்வை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும். டிகாஷன் நிறத்தில் போனால் குறைவு. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பதால் பயனில்லை, அதில் பெரும்பகுதி சீக்கிரமே வெளியே போய்விடும்.

பெண்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் மறதி கிடையாது. அக்கா பாசிக்குப் போகும் நாளில் காலை ஆறு மணி முதல் மதியம் இரண்டு வரை வேண்டுமென்றே குடிக்க மாட்டார். வள்ளத்திலும் தீவோரத்திலும் ஒதுங்க இடம் ஏது? கருவாட்டுத் தளத்திலும் அதே கதை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சிறுநீரில் எரிச்சல், ஊசி, மாத்திரை. இதற்குப் பழக்கம் முழு மருந்தாகாது, கழிவறைதான் மருந்து. அதுவரை அக்கா செய்வது: எழுந்தவுடன் அரை லிட்டர் குடித்துவிட்டு, வள்ளம் ஏறுமுன் ஒதுங்கிவிடுவார். கடலில் மணிக்கு இரண்டு மடக்கு. கரையில் பாசியைக் கொட்டியதும் மீதியை உட்கார்ந்து குடிப்பார். எரிச்சல் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை.

உடம்பு நனைய வேர்த்த நாளிலும் வயிற்றுப்போக்கு வந்த நாளிலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டரில் கலக்குங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள். தினமும் குடிக்கும் பானமும் இது கிடையாது. பிரஷர் உள்ளவர் உப்புத்தண்ணீரை வழக்கமாக்கினால் ஆபத்து. பதநீர் நல்லதுதானே என்று சர்க்கரை நோயாளிகள் இரண்டு செம்பு குடிக்கிறார்கள். அதுவும் இனிப்புதான், பனையிலிருந்து இறங்கியது என்பதற்காகச் சர்க்கரை ஏறாமல் இருக்காது.

6. சாப்பாடு: முதல் வேளையை மட்டும் பிடியுங்கள்

மூன்று வேளையையும் ஒரே நாளில் திருத்தப் போகாதீர்கள். முதல் வேளை சரியானால் அடுத்த இரண்டும் பாதி தானாகச் சரியாகும்.

என் தூக்குச்சட்டியில் பழைய சோறு. இரவே தண்ணீர் ஊற்றி வைத்தது, காலையில் மோர், நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். முதல் படகின் எடை முடிந்ததும் மூடியைத் திறப்பேன். பக்கத்திலேயே மீன் வாடையும் ஐஸ் தண்ணீரும் ஓடுகிற இடம் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான். இதைத் தொடங்கியபின் பத்தரைக்குப் பரோட்டாக் கடைப் பக்கம் கால் போகவில்லை. விரதமோ வைராக்கியமோ இல்லை, பசி இல்லை, அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்கள் சோற்றின் அளவைப் பாதியாக்கி, அவித்த முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி உப்பு. நம் கரைக்கு இதுதான் பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். குழம்பு, பழைய சோற்றில் போட்ட கல் உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த ஒரு டீஸ்பூன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் ஒரு விதி: கருவாடு இருக்கும் வேளையில் ஊறுகாயும் அப்பளமும் கிடையாது, பழைய சோற்றில் உப்பும் கிடையாது.

கருவாட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஒரு தடவை கழுவுங்கள். குழம்பில் உப்புப் போடாமல் கருவாட்டைப் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் நாக்கில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தனி உப்புத் தேவைப்படாது. எங்கள் வீட்டில் முதல் வாரம் "சப்புனு இருக்கு" என்று முகம் சுளித்தார்கள். மூன்றாவது வாரம் கல்யாண வீட்டுக் குழம்பு கரித்தது. நாக்கு அத்தனை சீக்கிரம் பழகும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

மீன் விஷயத்தில் ஒரு வேடிக்கை. சீலாவையும் இறாலையும் கணக்கில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக்குச் சாளையும் சூடையும் கொண்டுபோகிறோமே என்று குறைப்படுவார்கள். இதயத்துக்கு நல்லது செய்யும் ஒமேகா-3 கொழுப்பு சாளையில் தாராளமாக இருக்கிறது. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்து உண்டு. குழம்பாகவோ அவியலாகவோ செய்யுங்கள். தினமும் பொரிப்பதை மட்டும் குறையுங்கள்.

காய்கறி சந்தைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும், ஆனால் முருங்கை கொல்லையிலேயே நிற்கிறது. உலை வைத்ததும் ஒரு கொத்து ஒடித்து வந்து உருவ உட்காருவது என்று எங்கள் வீட்டில் முளை அடித்தோம். வாரம் மூன்று நாள் கீரை உள்ளே போகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். டீயிலுள்ள துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தசோகை உள்ள பெண்களுக்கு ஒரு மணி நேர இடைவெளி அவசியம்.

7. உடம்பை அசைப்பது

வலை இழுப்பவருக்கும் பாசிக்கு முக்குளிப்பவருக்கும் நான் நடை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேண்டியது முதுகுக்குக் கவனம். ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பெட்டியை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

உட்கார்ந்தே வேலை பார்க்கும் என் போன்றவர்களுக்கு வாரத்தில் மொத்தம் 150 நிமிடம் வேக நடை வேண்டும். ஒரு தடவை நடந்தால் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டது. துண்டு துண்டாக நடந்தாலும் கணக்கில் சேரும். நான் வண்டியைக் கம்பெனி வாசலில் நிறுத்தாமல், நடந்தால் பதின்மூன்று நிமிடம் ஆகும் இடத்தில் நிறுத்துகிறேன். போக வர 26, வாரம் ஆறு நாள், 156. ஆட்டோக்காரர் சவாரிக்கு வரிசையில் நிற்கும்போது வண்டியை விட்டு இறங்கி நடக்கிறார்.

பதினொரு மணி வெயிலில் நடக்காதீர்கள். முழங்கால் வலி இருந்தால் சரிவான மணலிலும் வேண்டாம், ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். தார்ச்சாலை நல்லது.

8. மாத்திரையும் புகையிலையும்

மாத்திரையைத் தூக்குச்சட்டி மூடியில் கட்டுங்கள். சட்டி திறந்தால் மாத்திரை. கடலுக்குப் போகிறவர் இரண்டு நாளுக்கானதை டப்பாவில் எடுத்துப் போக வேண்டும், படகு தாமதமாகத் திரும்புவது புதிதா என்ன. "இப்போ பிரஷர் சரியாயிடுச்சு" என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. சரியாக இருப்பதே மாத்திரையால்தான்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர், தன் சாப்பாட்டு நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், குளிர் வேர்வை, குழப்பம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வேண்டும். நடுக்கடலில் அது கைவசம் இருக்க வேண்டும்.

புகையிலை பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. ஐஸ் பையன்கள் இருவரும் விட முயன்றார்கள். லாரி வரக் காத்திருக்கும் நேரத்தில்தான் கை பொட்டலத்தைத் தேடும் என்று நோட்டு காட்டியது. ஒருவன் அந்த நேரத்துக்குக் கிராம்பும் வறுத்த கடலையும் வைத்து விட்டுவிட்டான். இன்னொருவன் இரண்டு தடவை விட்டு, இரண்டு தடவை தொட்டுவிட்டான். அவனுக்குத் தனி ஆலோசனை வேண்டும். 1800-11-2356 என்ற எண்ணில் காசில்லாமல் பேசலாம்.

9. முளையே பிடுங்கிப் போகும் நாட்கள்

பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் படகு போகாது, எடை இல்லை, கணக்கு இல்லை. வேலையில் கட்டிய பழக்கம் எல்லாம் அன்றைக்கு அந்தரத்தில் நிற்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் ராமேசுவரம் ஆட்டோக்காரர்களுக்கு நேர் எதிர்: வேலைக்கு முடிவே இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்பு மாதத்தில் சாப்பாட்டு நேரமே தலைகீழ்.

இதற்காக ஒவ்வொரு பழக்கத்துக்கும் வீட்டில் ஒரு மாற்று முளை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாசலில் கால் கழுவுவது: புயல் நாளில் மட்டும் ஒரு முளைக்கு ஒரு பழக்கம் என்பதைத் தளர்த்தி, பாட்டில், மாத்திரை எல்லாம் அதைச் சுற்றித்தான். நோன்பு வைப்பவர்களுக்கு முளை, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹரும் நோன்பு துறப்பும். மாத்திரை நேரத்தை மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

கூட்ட நாளுக்கு ஒரு குறைந்தபட்சம் போதும். ஆட்டோக்காரர் தை அமாவாசைக்கு வைத்தது இரண்டே: பாட்டிலும் மாத்திரையும். நடை, கீரை எல்லாம் மறுநாள். அந்த லண்டன் ஆய்விலும் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக நடப்பதும் பட்டினி கிடப்பதும்தான் கெடுக்கும். நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, அடுத்த வரியில் அடுத்த நாளை எழுதுங்கள்.

10. மாதம் ஒருமுறை அளங்கள்

பிரஷர் பார்க்கும் முன் அரை மணி நேரம் டீ, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்ந்து, கால் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். ஏலத்தில் கத்திவிட்டு நேரே போய் நீட்டினால் எண் கூடத்தான் காட்டும். ஒரு தடவைக்கு இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால், வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் வந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். சாப்பாட்டு நேரமும் தூக்க நேரமும் எழுதிய பக்கத்தையும் காட்டுங்கள். என் மாத்திரையைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றியது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான். 180/120 தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கைகால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் என்று ஏதாவது இருந்தால் நோட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.